இரசிகமணியின் தராசு

சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு வருவோரில் பெரும்பாலோர் பேரருவியிலும் ஐந்தருவியிலும் ஆசை தீரக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு தென்காசி வழியாக ஊர் திரும்பிவிடுகின்றனர். அதே ஊரில் தம் முதுமைக் காலத்தைக் கழித்து, நாடெங்கிலுமிருந்து அறிஞர்களைத் தம் இல்லத்துக்கு ஈர்த்த ஒருவர் இருந்தார் என்பது அவர்களுள் சிலருக்கே தெரியும். டி.கே. சிதம்பரநாத முதலியாரைத் தமிழுலகம் 'இரசிகமணி' என்று அழைத்தது. 1954-இல் அவர் மறைந்தார். இராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தனர். பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியான எஸ். மகராஜன், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் போன்றோர் அவரிடம் கவிதை கேட்டு வளர்ந்தனர். அவரைப் பற்றிய பாராட்டுரைகள் தமிழில் நிறையவே உண்டு. எனவே இங்கே இன்னொரு பாராட்டுரை எழுதுவது என் நோக்கமன்று. அவர் கையிலிருந்த தராசைச் சற்றே வாங்கிப் பார்க்க விரும்புகிறேன். பொதுவாழ்வில் நாம் நாள்தோறும் வழங்கும் தீர்ப்புகளுக்கும் அந்தத் தராசுக்கும் தொடர்பு உண்டு என்று எனக்குத் தோன்றுவதே காரணம்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவருடைய வீட்டில் ஒரு தொட்டிக்கட்டு முற்றம் இருந்தது. அதில் கூடியவர்களின் கூட்டத்திற்கு 'வட்டத்தொட்டி' என்று பெயர் வந்தது. அங்கே நடந்தது மிக எளிய செயல். ஒரு பாடலை எடுத்துக்கொள்வார்கள், டி.கே.சி. அதை வாய்விட்டுப் படிப்பார், மீண்டும் படிப்பார், சொற்களின் தாளத்தை உடலால் உணர்ந்து காட்டுவார். பாடல் தன்னைப் பற்றித் தானே பேசி முடிக்கும் வரையில் யாரும் அதன்மேல் கருத்துரைப்பதில்லை. உரையாசிரியர் என்ன சொன்னார், இலக்கணம் என்ன சொல்கிறது என்பவையெல்லாம் பிறகுதான். புலவர்களின் இரும்புப் பெட்டிக்குள் கிடந்த கம்பனை, தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்த எவரும் அனுபவிக்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்த பெருமை அந்த முற்றத்துக்கு உண்டு.

இந்த முறையில் ஓர் அறம் இருக்கிறது. நற்செய்தியாளர் யோவான் நமக்குக் காட்டும் நிக்கதேமை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொல்வதைக் கேளாமலும், அவர் செய்ததை அறியாமலும் அவருக்குத் தீர்ப்பளிப்பது நமது சட்டத்துக்கு ஒத்ததா என்று தலைமைச் சங்கத்தாரிடையே எழுந்து கேட்டவர் அவர் ஒருவரே. அவருக்குக் கிடைத்த மறுமொழி என்ன? 'நீரும் கலிலேயரோ?' என்ற ஏளனம். கேள்விக்கு விடை சொல்லாமல், கேட்டவர் எந்த ஊர்க்காரர் என்று விசாரிக்கும் வழக்கம் அவ்வளவு பழையது. டி.கே.சி.யின் வட்டத்தொட்டியில் முதலில் கேட்பது, பிறகே எடைபோடுவது என்ற வரிசை இருந்தது. விமரிசனத்தின் முதல் நேர்மை அதுவே எனலாம்.

ஆனால் தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். கம்பராமாயணம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. அவற்றுள் பல, பிற்காலத்தார் இட்டு நிரப்பிய இடைச்செருகல்கள் என்பது டி.கே.சி.யின் உறுதியான நம்பிக்கை. 'கம்பர் தரும் இராமாயணம்' என்ற தம் பதிப்பில், தம் உள்ளம் கம்பனுடையவை என்று ஏற்ற பாடல்களை மட்டுமே எடுத்துக் கொண்டார், ஏனையவற்றை ஒதுக்கினார், சில இடங்களில் சொற்களையும் திருத்தினார் என்ற குறை அவர்மீது சொல்லப்பட்டது. எதைக்கொண்டு ஒதுக்கினார்? ஓலைச் சுவடிகளை ஒப்பிட்டா? இல்லை. தம் செவியைக் கொண்டும் தம் சுவையைக் கொண்டும்தான். 'இது கம்பனின் குரல் இல்லை' என்று அவர் சொன்னால் அது இல்லைதான்.

அதே நெல்லைச் சீமையில் தோன்றிய எஸ். வையாபுரிப் பிள்ளையின் நெறி இதற்கு நேர் எதிரானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பதிப்பித்த அவர், சுவடிகளை ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளைக் குறித்து, சான்று எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கே சென்று நின்றவர். அதனால் தமிழின் தொன்மையைக் குறைத்துவிட்டார் என்ற பழியும் அவருக்கு வந்தது. இருவருள் யார் பெரியவர் என்ற வழக்கை நான் இங்கே நடத்தப் போவதில்லை. டி.கே.சி.யோடு ஒரு மாலைப்பொழுதையும் வையாபுரிப் பிள்ளையோடு ஒரு வழக்கையும் கழிக்கவே நான் விரும்புவேன் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். கம்பன்மேல் கொண்ட அன்பினால்தான் டி.கே.சி. கம்பனைச் சுருக்கினார். தமக்குப் பிடிக்காத ஒன்றைத் தாம் நேசிக்கும் கவி செய்திருக்கவே மாட்டான் என்று அவரால் எண்ண முடிந்தது. பகையினால் வரும் சார்பை எல்லோரும் எளிதில் கண்டுகொள்வோம். அன்பினால் வரும் சார்பு பக்தியின் உடையை அணிந்து வருவதால் அதை யாரும் வாசலில் நிறுத்திக் கேட்பதில்லை.

நம்மிடமும் அந்தச் சார்பு உண்டு. வீரமாமுனிவரின் தேம்பாவணியை மேடைதோறும் புகழ்கிறோம். 1726-இல் நிறைவெய்திய, முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட அந்தக் காப்பியத்தில், நம்மவருள் எத்தனை பேர் மூன்று படலமேனும் படித்திருக்கிறோம்? அதே முனிவர் தரங்கம்பாடி லுத்தரன் சபையாரைச் சாடி எழுதியவற்றில் இருக்கும் கடுமையை எந்த விழாவிலாவது யாராவது குறிப்பிட்டதுண்டா? அவரைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தேம்பாவணியை எழுதிய கைதான் அவற்றையும் எழுதியது. ஒன்றை மட்டும் கம்பீரமாக எடுத்துவைத்து மற்றதைப் பரணில் போடும்போது, நாமும் 'கம்பர் தரும் இராமாயணம்' போல ஒரு 'நாம் தரும் வீரமாமுனிவரை'ப் பதிப்பிக்கிறோம்.

எதிர்ப்பக்கத்தின் கதையும் சொல்லத்தக்கது. 1940களில் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் தீக்கிரையாக்க வேண்டும் என்ற முழக்கம் திராவிட இயக்கத்தாரிடமிருந்து எழுந்தது. 1943 பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரியில் அறிஞர் அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் இதுபற்றி நேருக்கு நேர் சொற்போர் நிகழ்த்தினர். மார்ச்சில் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார் அண்ணாவை எதிர்கொண்டார். அந்த உரைகள் 'தீ பரவட்டும்' என்ற நூலாக வந்தன. நம் வாசகர்களுக்குச் சேதுப்பிள்ளை, 'கிறிஸ்தவத் தமிழ்த் தொண்டர்கள்' எழுதியவராக முன்பே அறிமுகமானவர், அவரும் நெல்லைக்காரரே.

கம்பனைக் கொளுத்தச் சொன்ன கட்சியை நான் ஏற்கவில்லை. நூலை எரிப்பது எதிர்வாதத்தைக் கேட்க மறுப்பதன் இறுதி வடிவம். எனினும் இன்று அந்தச் சொற்போரைத் திரும்பிப் பார்க்கையில் ஒரு பொறாமை உண்டாகிறது. எரிக்க வேண்டும் என்றவர் எரிக்க வேண்டிய நூலைக் கற்றுக்கொண்டு வந்தார். காக்க வேண்டும் என்றவர் எதிரியின் மேடைக்கு வந்து அமர்ந்தார். ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் காத்திருந்தார். கால் நூற்றாண்டுக்குப் பின், 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் தமிழுக்குத் தொண்டு செய்தோரின் சிலைகள் எழுந்தபோது, முதலமைச்சராக இருந்தவர் அதே அண்ணா. அந்த வரிசையில் கம்பனும் இருக்கிறான், வீரமாமுனிவரும் இருக்கிறார். அண்ணா தம் பழைய கருத்தைக் கைவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். தாம் எதிர்த்தவனுக்கும் கடற்கரையில் இடம் உண்டு என்பதை அவர் ஏற்றார், அவ்வளவே.

கம்பனிடமும் இதற்கு ஒரு பாடம் உண்டு. இராமன் மறைந்து நின்று வாலியை எய்த செயல் முறையா என்ற வினா நூற்றாண்டுகளாகக் கேட்கப்படுகிறது. நீதிபதி மு.மு. இஸ்மாயில் அதை ஒரு வழக்காகவே எடுத்து 'மூன்று வினாக்கள்' என்ற நூலை எழுதினார். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த ஓர் இசுலாமியர், சென்னைக் கம்பன் கழகத்தையும் நடத்திக்கொண்டு, இராமனைக் கூண்டில் ஏற்றி விசாரித்தார் என்பது நம் காலத்துக் காதுகளுக்குக் கதைபோல் கேட்கலாம். கம்பன் செய்திருப்பதைப் பாருங்கள். தான் தெய்வமாக வணங்கும் தலைவனை, மார்பில் அம்பு தைத்துக் கிடக்கும் வாலி வாயார இடித்துரைக்கும்படி விடுகிறான். வாலியின் வாதத்தைப் பலவீனமாக்கி இராமனைக் காப்பாற்றும் எளிய வழியைக் கவி தேர்ந்தெடுக்கவில்லை. பக்தன் ஒருவன் இவ்வளவு நேர்மையாக எதிர்வாதம் எழுதியிருப்பதனால்தான் இஸ்மாயிலைப் போன்ற நீதிபதிகளுக்கு அங்கே வேலை கிடைத்தது.

இனித் தென்காசிக்கே வருவோம்.

1981 பிப்ரவரியில் தென்காசிக்கு அருகிலுள்ள மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் இசுலாத்தைத் தழுவின. சில வாரங்களுக்குள் இந்தச் சிற்றூரின் பெயர் தில்லி வரையில் போயிற்று. தலைவர்கள் வந்தார்கள், நிருபர்கள் வந்தார்கள், விசாரணைகள் நடந்தன. வளைகுடா நாடுகளின் பணம் பாய்ந்தது என்றார்கள் சிலர். நாட்டின் ஒற்றுமைக்கே ஆபத்து என்றார்கள் வேறு சிலர். அந்த மக்களோ, தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் பட்ட இழிவையும், தேநீர்க் கடையிலும் பேருந்திலும் கல்வி நிலையத்திலும் தங்களுக்கு மறுக்கப்பட்ட மதிப்பையும் சொன்னார்கள். காதில் வாங்கியவர்கள் இருந்தனர். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆயினும் நாடு தழுவிய விவாதத்தின் பெரும்பகுதி, அவர்கள் எங்கே போனார்கள், யார் அழைத்தார்கள் என்பதைப் பற்றியே நடந்தது. எதிலிருந்து போனார்கள் என்ற கேள்வி ஓரத்தில் கிடந்தது. டி.கே.சி. பாடலைத் திரும்பத் திரும்பப் படித்துக் கேட்ட குற்றாலத்துக்கு மிக அருகில், ஓர் ஊரின் குரலை ஒருமுறைகூட முழுமையாகப் படிக்காமலே உரை எழுதினார்கள்.

நாம் அப்போது என்ன பேசினோம்? பங்குப் பெரியவர்கள் சிலர் அந்நாளில் கேட்ட கேள்வி என் நினைவில் இருக்கிறது: 'அவர்கள் ஏன் நம்மிடம் வரவில்லை?' குறைபட்டுக் கேட்டார்களேயன்றி, விடை தேடிக் கேட்கவில்லை. விடை தேடியிருந்தால் வெகு தூரம் போக வேண்டியதில்லை. வடக்கன்குளம் வரை போனால் போதும். 1872-இல் அங்கே எழுந்த திருக்குடும்ப ஆலயம், பீடத்தில் சந்திக்கும் இரு கூடங்களாகக் கட்டப்பட்டது. ஒரு கூடம் ஒரு சாதிக்கு, மறுகூடம் மற்றவர்களுக்கு. ஒரே திருப்பலி, ஒரே அப்பம். ஆனால் இந்தப் பக்கத்தார் முகத்தை அந்தப் பக்கத்தார் பார்க்க வேண்டியதில்லை. பொன் மோதிரம் அணிந்தவனுக்கு ஓர் இருக்கையும் கந்தை அணிந்தவனுக்கு வேறோர் இடமும் காட்டுவதைத் தம் திருமுகத்தில் கண்டித்த யாக்கோபு, அந்த ஆலயத்தின் வரைபடத்தைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று சில நேரம் எண்ணிப் பார்க்கிறேன். 1910-இல் பங்குத் தந்தையர் தடுப்பை இடித்தபோது, இடித்தது தவறு என்று விசுவாசிகளே நீதிமன்றம் ஏறினார்கள். உயர் நீதிமன்றம் வரை சென்றும் அவர்களுக்கு வெற்றி கிடைக்கவில்லை.

அந்த ஊரிலேயே 1745-இல் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம், 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். பல ஆண்டுகளாக அவர் பெயரோடு ஒட்டிவந்த சாதிப் பட்டம், விண்ணப்பங்களுக்குப் பின் உரோமையால் நீக்கப்பட்டது. அதை நீக்கியதற்கு நம்மவருள் சிலர் வருந்தியதை நான் என் காதாலேயே கேட்டேன்.

இந்த மௌனத்துக்கு நாம் கொடுத்த விலையும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, தாழ்த்தப்பட்டோருக்கான உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் புத்த சமயத்தாருக்கும் அவை விரிக்கப்பட்டன. கிறிஸ்தவருக்கும் இசுலாமியருக்கும் விரிக்கப்படவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துவந்த சூசை என்பவர், இந்துத் தொழிலாளருக்குக் கிடைத்த பெட்டிக்கடை கிறிஸ்தவரான தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1985-இல் வந்த தீர்ப்பு அவருக்குச் சாதகமாகவில்லை. மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். சான்று எங்கிருந்து வரும்? 'எங்களிடம் சாதி இல்லை' என்று மேடைகளில் முழங்கியவர்கள் நாம்தாமே. இந்திய ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுகிறது என்று வெளிப்படையாக எழுதி ஒப்புக்கொண்ட கொள்கை ஆவணம் 2016-இல்தான் வந்தது. ஆணையைக் கண்டிக்க நமக்கு முழு உரிமை உண்டு, நான் கண்டிக்கிறேன். அந்த அநீதிக்குச் சாட்சி சொல்ல வேண்டிய வேளையில் நாம் வாய்மூடி இருந்ததையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

தென்காசிப் பகுதியில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி நூல் படிப்பது வழக்கம். வட்டத்தொட்டி என்று சொல்லிக்கொள்ளும் துணிச்சல் எங்களுக்கு இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு பழைய மேசை, சுக்குக் காப்பி. ஒருமுறை பாமாவின் 'கருக்கு' நூலை எடுக்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். 1992-இல் வெளிவந்த அந்தத் தன்வரலாறு, கத்தோலிக்கத் தலித் பெண் ஒருவர் தம் ஊரையும், தாம் ஏழாண்டு வாழ்ந்து வெளியேறிய துறவு மடத்தையும் பற்றி எழுதியது. உடனே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார்.

"அண்ணாச்சி, இந்தப் புத்தகம் நம்ம கூட்டத்துக்கு வேண்டாம். கன்னியர் மடத்தக் கேவலப்படுத்தி எழுதியிருக்கு."

"படிச்சியளா அண்ணாச்சி?"

"படிக்கல. படிச்சவங்க சொன்னாங்க."

அவர் கெட்டவர் அல்லர். ஏழைப் பிள்ளைகள் பலருக்குச் சொந்தக் காசில் கட்டணம் கட்டியவர். திருச்சபை என்ற தாயைப் பழிப்பதைக் கேட்கச் சகியாதவர். டி.கே.சி.க்குக் கம்பன்மேல் இருந்தது போன்ற அன்புதான் அது. தாம் நேசிக்கும் ஒன்று இதைச் செய்திருக்காது. ஆகவே இது இடைச்செருகல்.

நூலை எடுப்பது என்று முடிவாயிற்று. வாதிடவில்லை. டி.கே.சி.யின் முறையைக் கடன் வாங்கி, வாய்விட்டுப் படிக்கச் சொன்னோம். பேச்சு மொழியில் எழுதப்பட்ட நூல். கண்ணால் படிக்கும்போது தடுக்கி விழும் சொற்கள், வாயால் படிக்கும்போது நம் தெருவின் குரலாகிவிட்டன. டி.கே.சி. இருந்திருந்தால் அந்த மொழியை ரசித்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஏட்டுத் தமிழைவிடப் பேச்சில் உயிரோடு இருக்கும் தமிழை மதித்தவர் அவர். ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் போகும் காட்சி அதில் வருகிறது. சிறுமி அந்த வேடிக்கையைக் கண்டு சிரிக்கிறாள். அண்ணன் விளக்கம் சொன்ன பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோகிறது. அங்கே வந்ததும், படித்துக்கொண்டிருந்த இளைஞரின் குரலும் சற்று நின்றது.

அதற்காக நூலில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மடத்து வாழ்வைப் பேசும் பகுதிகளில் கோபம் சில இடங்களில் காட்சியாகாமல் அறிக்கையாக நின்றுவிடுகிறது. அங்கே சந்திக்கும் சகோதரிகளுள் ஒருவரையேனும் முகத்தோடு நாம் அறிவதில்லை. வாலிக்குக் கம்பன் கொடுத்த இடத்தை அவர்களுக்கு ஆசிரியர் கொடுக்கவில்லை. காயம்பட்டவரிடம் அதை எதிர்பார்க்கலாமா என்று எங்கள் வட்டத்தில் ஒரு பெண்மணி கேட்டார். இலக்கியமாக எடைபோடும்போது எதிர்பார்க்கத்தான் வேண்டும். காயத்தை எடைபோடும்போது அந்தக் குறை எள்ளளவும் குறுக்கே வரக்கூடாது. இந்த இரண்டு எடைகளையும் ஒன்றாகக் குழப்பியதால்தான், 'நூல் நன்றாக எழுதப்படவில்லை, ஆகவே சொல்லப்பட்டது பொய்' என்று ஒரு சாராரும், 'சொல்லப்பட்டது உண்மை, ஆகவே நூலில் குறையே காணாதே' என்று மறுசாராரும் நெடுங்காலம் வழக்காடினர்.

ஆசிரியர் அன்று கடைசி வரை அமர்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. காப்பியையும் தொடவில்லை. எல்லோரும் எழுந்தபோது, நூலை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டார். அடுத்த மாதம் வந்தபோது அட்டையிட்டுத் திருப்பித் தந்தார். உள்ளே சில பக்கங்களில் பென்சிலால் ஓரக்கோடுகள் இருந்தன. ஓரிடத்தில் வினாக்குறி, ஓரிடத்தில் 'உண்மை' என்ற சொல். மடத்தைப் பற்றிய பகுதியில் மட்டும், 'இது அநியாயம்' என்று அழுத்தி எழுதியிருந்தார். யார் செய்த அநியாயத்தைச் சொல்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.